முதுகுக்குப் பின்னால் தூண்டில் பெட்டி

1

மூன்று வாரம் என் மகள் ஷாமினி என்னோடு பேசவேயில்லை. வாயே திறக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். "சாப்பிட்டியாம்மா?" என்றால் "ம்". "மழை வரும்போல இருக்கு, குடை இருக்கா?" என்றால் அதற்கும் "ம்". இங்கே பதினாறு வயதுப் பிள்ளைகள் அப்பாமாரோடு இவ்வளவுதான் பேசும் என்று வேலைத்தலத்தில் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதல் எனக்கு வேண்டியிருக்கவில்லை. எங்கள் இருவருக்கும் சனிக்கிழமை காலை என்று ஒன்று இருந்தது. அதை நானே தண்ணீரில் போட்டுவிட்டு வந்து நின்றேன்.

நடந்தது எங்கள் நகரத்துக்கு வடக்கே இருக்கும் ஓர் ஏரியில். நாங்கள் கனடாவுக்கு வந்து பத்து வருடம் நிறைந்த சனிக்கிழமை அது. என் மனைவி ராஜி பகல் சாப்பாட்டுக்கு அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டிருந்தாள். நானும் மகளும் காலையில் போய் இரண்டு மீனோடு திரும்புவதாகத் திட்டம். திரும்பியது நனைந்த இரண்டு பேரும் ஒரு துண்டுப் பிரசுரமும்.

ஊரில் இருக்கும் உங்களுக்குக் கயாக் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில், சாமான் பெட்டிக்குள் அடைத்து வருகிற வெள்ளை ரெஜிபோம் துண்டுகளைச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் குந்திக்கொண்டு மீன் பிடிக்கப் போகிறார்களே, அதன் வசதியான பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கில் வார்த்த ஒடுங்கலான படகு. எங்களுடையது இரண்டு பேர் உட்காருவது. யாரோ நன்றாகப் பாவித்துக் கழித்தது. முன்னிருக்கையில் மகள், பின்னிருக்கையில் நான். எனக்கும் பின்னால் சாமான் வைக்க ஒரு பள்ளம். அந்தப் பள்ளம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

2

கயாக்கில் பின்னால் இருப்பவனுக்கு முன்னால் இருப்பவரின் முகம் தெரியாது. முதுகும் பின்னலும்தான் தெரியும். அதுவே எங்களுக்கு வாய்ப்பாகப் போய்விட்டது. வீட்டில் முகம் பார்த்துக் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளை, தண்ணீரில் முதுகைக் காட்டிக்கொண்டு எல்லாம் சொல்லும். வகுப்பில் ஒருத்தியோடு சண்டை, அம்மா சொல்கிற படிப்பைப் படிக்கப் பிடிக்கவில்லை, ஒரு ஆசிரியர் தன் பேரை வேண்டுமென்றே கடித்துத் துப்புகிறார் என்று. பாதி தமிழ், பாதி ஆங்கிலம். நான் "ம்" கொட்டிக்கொண்டு துடுப்புப் போடுவேன். மீன் படுகிறதோ இல்லையோ, அந்த மூன்று மணி நேரத்துக்காகத்தான் நான் வாரம் முழுவதும் வேலைக்குப் போனேன் என்றால் அது பொய்யில்லை.

ஆனால் ஆறாத எரிச்சல் ஒன்றும் கூடவே வந்தது. தூண்டில் சாமான்.

என் வேலை ஒரு பெரிய களஞ்சியத்தில். சவர்க்காரத்திலிருந்து நாய்ச் சங்கிலி வரை எது எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்படிப்பட்டவனால் ஒரு பாய் அகலம்கூட இல்லாத படகில் நூறு தூண்டில் முள்ளை ஒழுங்காக வைக்க முடியவில்லை. மூன்று முள் சேர்ந்த தூண்டில்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும். ஒன்றை எடுத்தால் ஏழு வரும். பிரித்து முடிப்பதற்குள் மீன் குஞ்சு பொரித்துப் பேரப்பிள்ளை எடுத்துவிடும். ஈரத்தோடு மூடி வைத்தால் அடுத்த வாரம் துரு. துருப்பிடித்த ஒன்று பக்கத்தில் இருக்கும் பத்தையும் கெடுக்கும். ரப்பர் புழுக்கள் என்று ஒரு சனியன் இருக்கிறது, மீனை ஏமாற்றுவதற்கு. பச்சை, சிவப்பு, ஊதா என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் காரில் விட்டிருந்தேன். கோடை வெயிலில் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து தொதல் கிண்டியதுபோல் ஆகிவிட்டது. புழுவைக்கூட நிறம் பிரித்து, தனித்தனி உறையில் வைக்க வேண்டுமாம். யார் கண்டார்கள்?

எனவே பெட்டி வாங்கினேன். பெட்டிக்குள் வைக்கப் பெட்டி வாங்கினேன். குசினியில் ராஜி மிளகாய்த்தூள் டப்பாவைத் திறந்தால் ஈயக் குண்டு இருக்கும். "என்னாங்க இது, மீனுக்குப் போட்டது போக மிச்சத்தை எங்களுக்குப் போடப் போறீங்களா?" என்பாள்.

பெட்டிகளை எல்லாம் அடுக்கிப் படம் எடுத்து ஊரிலிருக்கும் தம்பி யோகனுக்கு அனுப்பினேன். அவன் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை ரெஜிபோமில் மவுசாக்கலைக்குப் போவான். அவனுடைய சாமான் எல்லாம் ஒரு காலிப் போத்தல், அதைச் சுற்றிக் கொஞ்சம் தூண்டில் நரம்பு, தொப்பியில் குத்திய நாலு தூண்டில் முள், இரைக்குப் பாண் துண்டு. அவ்வளவுதான். படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "மீன் புடிக்கப் போறீங்களா, ஹட்டன்ல கடை போடப் போறீங்களாண்ணே?"

எனக்குச் சுருக்கென்றது. அவனுக்கு எங்கே இதெல்லாம் புரியப் போகிறது என்று போனை வைத்துவிட்டேன்.

3

மலையில் வளர்ந்தவனுக்குச் சில வழக்கங்கள் எலும்பில் ஊறிவிடும். நாங்கள் குடியிருந்த வரிசை வீடு, எங்கள் லயம், இருந்தது மேற்கணக்கில், அதாவது தோட்டத்தின் உச்சிப் பிரிவில். கையிலிருந்து எது நழுவினாலும் காலடியில் கிடக்காது. உருண்டு, குதித்து, கீழே ஓடைக்குப் போய்த்தான் நிற்கும். அப்பா கவ்வாத்துக்காரர், தேயிலையை வெட்டித் தணிக்கும் வேலை. கத்தி தீட்டும் கல்லைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டியிருப்பார். கல் போய்விட்டால் மிச்ச நாளெல்லாம் மொட்டைக் கத்தியோடு மாரடிக்க வேண்டும். அம்மாவும் அப்படித்தான். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி அதன்மேல் ஒரு கயிறு, கயிற்றில் வெற்றிலைப் பை, தண்ணீர்ப் போத்தல். எங்கள் வீட்டில் பொருள் என்றால் உடம்போடு கட்டியிருப்பது. கட்டாதது நம்முடையது இல்லை.

நானும் இரண்டு வருடம் பேர் பதிந்து வேலை செய்தவன்தான். ஆண்களுக்குக் கவ்வாத்து இல்லாத மாதங்களில் எங்களையும் கொழுந்துக்கு அனுப்புவார்கள். கொழுந்து எடுக்கும்போது கூடை முதுகில். இரண்டு கையும் முன்னால் பறிக்கும். கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னால் எறிய வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நிரையில் பிந்திவிடுவோம். முதல் வாரம் நான் திரும்பித் திரும்பிப் பார்த்ததற்குக் கங்காணி மேலே நின்று கத்தினார்: "என்னடா, பின்னாடி பொண்ணா பாக்குற? கூடை எங்கயும் ஓடிராது!" பக்கத்து நிரையில் பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதோடு திரும்பிப் பார்ப்பதை விட்டேன். கை தானாகப் பின்னால் போகப் பழகிவிட்டது.

தோட்டத்தை விட்டுக் கொழும்பு ஹோட்டலுக்குப் போய், அங்கிருந்து கத்தாருக்குப் போய், கடைசியில் இங்கே வந்து பத்து வருடம். அந்தக் கை மட்டும் மாறவேயில்லை. கார் ஓட்டும்போது சாவியைப் பின் ஆசனத்தில் எறிவேன். வீட்டில் கழற்றிய காலுறையைப் பின்னால் எறிந்து ராஜியிடம் ஏச்சு வாங்குவேன்.

ஆகவே கயாக்கில் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். ஐந்து பெட்டியை முதுகுக்குப் பின்னால் பள்ளத்தில் அடுக்கி, மேலே இழுபடும் வார் போட்டேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு நைலோன் கயிறு. மறுமுனை என் இடுப்புப் பட்டியில். இடுக்கி, மீன் வலை, நிறை பார்க்கும் தராசு, அவற்றுக்கும் கயிறு. பெட்டி வேண்டுமென்றால் திரும்ப வேண்டாம், கயிற்றைப் பிடித்து இழுத்தால் போதும். வேலை முடிந்ததும் தோளுக்கு மேலால் பின்னால் போட்டுவிடலாம். ஒன்றும் தொலையாது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த பெருமைக்கு அளவில்லை.

ஷாமினி பார்த்த உடனேயே சொன்னாள், "அப்பா, ஒடம்புல கட்டக் கூடாது. ஸ்கூல்ல படகுப் பாடத்துல சொன்னாங்க. எல்லாத்தையும் படகுலதான் கட்டணும். கத்தியும் விசிலும் மட்டுந்தான் நம்ம ஜாக்கெட்ல இருக்கணும்."

அவள் தன் மிதவை ஜாக்கெட்டின் நெஞ்சுப் பக்கம் சிறிய கத்தி ஒன்றை உறையோடு மாட்டியிருந்தாள். "நெஞ்சுல கத்தியை வச்சுக்கிட்டு யாரடி வெட்டப் போற?" என்று சிரித்தேன். அடுத்த வாரமும் சொன்னாள். அதற்கடுத்த வாரமும். "நான் மலையில பொறந்தவன், எனக்குக் கயிறு கட்டச் சொல்லித் தர்றியா?" என்றேன். பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

4

அன்று காலையில் காற்றில்லை. ஷாமினி தூண்டில் போட்டுக்கொண்டே ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தாள். "அப்பா, ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டீங்களே?" என்று தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து என் தூண்டிலில் ஒன்று பட்டது. நல்ல கனம். இடுக்கி வேண்டும். "இரு இரு" என்று அவளை நிறுத்திவிட்டுக் கயிற்றை இழுத்தேன். இடுக்கிக் கயிறு இரண்டாம் பெட்டியின் கயிற்றோடு சிக்கியிருந்தது. இன்னும் பலமாக இழுத்தேன். வரவில்லை. அப்போது கை தன் பழைய வேலையைக் காட்டியது. தோளுக்கு மேலால் பின்னால் போனது. கையோடு தோள் போனது, தோளோடு நான் போனேன், என்னோடு படகும் போனது.

தண்ணீர் பனிக்கட்டியைக் கரைத்து வைத்ததுபோல் இருந்தது. ஜாக்கெட் என்னை மேலே தூக்குகிறது. பெட்டிகள் கவிழ்ந்த படகுக்கு அடியில், வாருக்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. கயிறுகள் என் இடுப்பைப் படகுக்கு அடியில் இழுக்கின்றன. முகத்தில் பாதிதான் வெளியே. மூச்சு எடுத்தால் தண்ணீர் வருகிறது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நான் போட்ட முடிச்சு; அப்பா போட்டுக் காட்டிய மலை முடிச்சு. நனைந்தால் இறுகுமே தவிர அவிழாது.

அப்புறம் இடுப்பில் யாரோ பிடித்து இழுப்பது தெரிந்தது. படகின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஷாமினி கயிறுகளை அறுத்துக்கொண்டிருந்தாள். ஒன்று. இரண்டு. எத்தனை என்று எனக்குத் தெரியாது. கடைசிக் கயிறு அறுந்ததும் நான் மேலே வந்தேன். வார் விட்டுக்கொடுத்துப் பெட்டிகள் ஒவ்வொன்றாக அடியில் போயின.

இருமி முடித்து என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இது: "ஏண்டி எல்லாத்தையும் வெட்டுன? பொட்டியெல்லாம் போச்சே!"

அவள் என்னைப் பார்த்தாள். உதடு நீலமாக இருந்தது. கத்தியை உறையில் சொருகிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

5

ஏரியைக் காவல் பார்க்கும் விசைப்படகு ஒன்று வந்து எங்களைக் கரை சேர்த்தது. அதிலிருந்த பெண் அதிகாரி போர்வை கொடுத்தார், சூடாக ஏதோ கொடுத்தார், பிறகு படிவத்தை எடுத்தார். இந்த நாட்டில் செத்துப் பிழைத்தாலும் படிவம் உண்டு. பேர், முகவரி, பிறந்த இடம். பிறந்த இடத்துக்கு எப்போதும்போல் முழித்தேன். நான் பிறந்த காம்பராவுக்கு, அந்த லயத்து ஒற்றை அறைக்கு, இலக்கமும் இல்லை, தெருவும் இல்லை. தோட்டத்துப் பேரைச் சொன்னால் இவர்களுடைய கட்டத்துக்குள் அடங்காது.

எப்படி நடந்தது என்று கேட்டார். என் ஆங்கிலம் களஞ்சியத்துக்குப் போதும், நடுங்கும்போது போதாது. நானே என்னைக் கட்டிக்கொண்டேன், கனமான பெட்டிகளோடு, என்று பொருள்படும்படி சொல்லித் தொலைத்தேன். அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. பேனாவை மூடிவிட்டு, மிக மெல்லிய குரலில், வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறதா, சமீபத்தில் மனம் சோர்ந்திருந்தேனா என்று விசாரிக்க ஆரம்பித்தார். எனக்கு விளங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் கோபம் வந்தது. கோபம் வந்ததும் ஆங்கிலம் இன்னும் போய்விட்டது.

ஷாமினிதான் பதில் சொன்னாள். போர்வைக்குள்ளிருந்து, என்னைப் பார்க்காமல், ஆங்கிலத்தில். எங்கள் அப்பா சாகப் பார்க்கவில்லை, அவருக்குப் பெட்டிகள் தொலையக் கூடாது, அவ்வளவுதான் என்றாள். அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார். போகும்போது மன நலம் பற்றிய ஒரு துண்டுப் பிரசுரத்தையும் கையில் வைத்தார். தமிழிலேயே இருந்தது. இரண்டு தடவை படித்தும் எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் பகல் விருந்து. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணர் நல்ல மனிதர்தான். கேட்டதும் உச்சுக்கொட்டிவிட்டு, "நீங்கள் மலைநாட்டு ஆக்கள், உங்களுக்குத் தண்ணி பழக்கமில்லைத்தானே" என்றார். பத்து வருடமாக இதுதான். நான் "நாங்க" என்று வாயைத் திறந்ததும் இந்தியாவா என்பார்கள். இல்லை, மஸ்கெலியா என்றால் தேயிலையோ என்பார்கள். அதற்குமேல் அவர்களுக்குக் கேட்க ஒன்றும் இருக்காது. பழைய மஸ்கெலியா ஊரையே விழுங்கிக்கொண்டு நிற்கிற மவுசாக்கலைத் தண்ணீரின் கரையில் வளர்ந்தவனிடம், தண்ணீர் பழக்கமில்லையாம். அன்று அந்தக் கோபத்தையும் சேர்த்துக் கோழிக்கறியை மென்றேன். ஷாமினி அறையை விட்டு வெளியே வரவில்லை.

6

அந்த மூன்று வாரமும் நான் யார்மீதெல்லாம் கோபப்பட்டேன் என்று எழுதினால் தாள் போதாது. வார் செய்த கம்பெனி, பள்ளம் வைத்த கம்பெனி, அதிகாரி, அண்ணர். போதாததற்கு நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் அலுவலகத்திலிருந்து கடிதம். பல்கனியில் மீன்பிடிப் பொருட்கள் வைத்திருக்கிறோமாம், வாடை வருகிறதாம், உடனே அகற்ற வேண்டுமாம். நிலக்கீழ் அறையில் ஒரு பூட்டுக் கூண்டு தருவார்களாம், ஆனால் உள்ளே வைக்கப் போகும் ஒவ்வொரு பொருளையும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

போட்டேன். பல்கனியில் குந்தியிருந்து, தண்ணீருக்குள் போகாமல் தப்பிய மிச்சத்தையெல்லாம் கொட்டி எழுத ஆரம்பித்தேன். தூண்டில் முள் பெரியது, சிறியது. ஈயம். உருகிய புழுக் கட்டி ஒன்று. பட்டியலில் பாதிகூட முடியவில்லை, "போன பொட்டிகள்ல எவ்வளவு நல்ல சாமான் இருந்துச்சு தெரியுமா" என்று புலம்ப ஆரம்பித்துவிட்டேன்.

துணி காயப்போட வந்த ராஜி கூடையைக் கீழே வைத்தாள்.

"ஒங்களுக்குப் பொட்டி பொட்டின்னு அதுதான். அந்தப் புள்ளை மூணு நாளா டம்ளரைப் புடிக்க முடியாம கை நடுங்கிக்கிட்டு இருந்துச்சே, பாத்தீங்களா? நீங்க செத்துப் போயிட்டீங்கன்னு நெனச்சுத்தான் அது கயிறை அறுத்திருக்கு. அப்பாவைத் தூக்கிட்டோம்னு அது மூச்சு விடுறதுக்குள்ள, நீங்க பொட்டியைக் கேட்டிருக்கீங்க."

"எனக்கு யாருமே சொல்லலையே" என்றேன்.

"மூணு வாரமா சொல்லிக்கிட்டுத்தான இருக்கா" என்றுவிட்டு ராஜி துணியை உதறினாள்.

அன்று இரவு யோகனைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது விடிந்து, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு அவன் புறப்படும் நேரம். நடந்ததைச் சொன்னேன். கயிறு கட்டிய விதத்தைச் சொன்னதும் "தண்ணியில போறவன் ஒடம்புல எதையாச்சும் கட்டுவானாண்ணே? நாங்க சாரத்தையே இறுக்கிக் கட்ட மாட்டோமே" என்றான். "மேட்டுல நின்னா சாமான்தான் விழும். தண்ணியில நீங்கல்ல விழுவீங்க. சாமானு போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம், விடுங்கண்ணே."

அவன் போத்தலையும் தொப்பியையும் பார்த்து நான் இளக்காரமாக நினைத்தது ஞாபகம் வந்து முகம் சுட்டது. அவன் வைத்திருந்தது ஏழ்மையால் என்றுதான் நினைத்திருந்தேன். அது கணக்கோடு செய்த வேலை. ஷாமினி சொன்னதும் அதே கணக்குத்தான். இரண்டு பேர் சொன்னதையும் நான் ஒரே மாதிரித்தான் தள்ளிவிட்டேன்.

7

பட்டியலை மறுபடி எழுதினேன். சின்னப் பெட்டி ஒன்று. அது இனி பின்னால் இல்லை, இரண்டு காலுக்கும் நடுவில், படகின் தரையில் கொக்கி போட்டு. தூண்டில் முட்களை ஒவ்வொன்றாகப் பஞ்சு அட்டையில் குத்தி வைத்தேன். புழு இரண்டே நிறம், தனித்தனி உறை. இடுக்கிக்குக் குட்டைக் கயிறு, மறுமுனை படகில். பின்னால் பள்ளத்தில் சாப்பாட்டுப் பையும் வலையும் மட்டும். என் ஜாக்கெட்டில் ஒரு விசிலும் ஒரு கத்தியும். மற்றதெல்லாம் கூண்டுக்குப் போயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை ஷாமினி பள்ளியிலிருந்து வந்ததும் இதையெல்லாம் கூடத்தில் பரப்பி வைத்தேன். நடுவில் இரண்டு தலையணை, அது படகு. என்னை நானே கோமாளியாக உணர்ந்தேன். "வந்து பாக்குறியா?" என்றேன்.

பையைத் தோளில் இருந்து இறக்காமல் நின்று பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள், இடுக்கியைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் ஜாக்கெட்டைத் தூக்கினாள். அதன் கீழ் வளையத்தில் ஒரு விரல் நீளத்துக்கு நைலோன் கயிறு தொங்கியது. சத்தியமாக நான் கட்டியது எனக்கே ஞாபகமில்லை. கட்டுகிற கை கட்டிவிட்டிருக்கிறது.

கையை நீட்டினாள். நான் அவிழ்த்துக் கொடுத்தேன்.

"நாளைக்குக் கவுந்து காட்டுங்க" என்றாள். மூன்று வாரத்தில் அவள் எனக்குச் சொன்ன முதல் முழு வசனம் அது.

சனிக்கிழமை கரையோரம், நெஞ்சளவு தண்ணீரில் படகை விட்டோம். இல்லை, நான் விட்டேன். அவள் கரைக் கல்லில் தன் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தாறு வயது மனுஷன், பக்கத்தில் வாத்துக்குத் தீனி போடும் வெள்ளைக்காரக் குடும்பம் பார்த்துக்கொண்டிருக்க, வேண்டுமென்றே படகைக் கவிழ்த்துக்கொண்டேன். குளிர் தலைக்கேறியது. வெளியே வந்தேன். எதுவும் இழுக்கவில்லை. பெட்டி படகில் இருந்த இடத்திலேயே இருந்தது. பெருமையாக நிமிர்ந்தேன்.

"கை எங்க போவுது பாருங்க" என்றாள். என் கை இடுப்பில் கயிற்றைத் தேடிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை."

இரண்டாம் தடவை மேலே வந்ததும் கை தோளுக்குப் பின்னால் போயிற்று. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். எனக்குக் கோபம் வந்தது. கங்காணிக்குப் பயந்தவன், களஞ்சியத்தில் மேலாளருக்குப் பயந்தவன், இப்போது பெற்ற பிள்ளையிடமும் பரீட்சை. பல் கிட்டிக்கொண்டது. போதும் என்று கத்த வாயைத் திறந்தேன். அவள் கையைப் பார்த்தேன். மடியிலிருந்த ஜாக்கெட்டின் கத்தி உறையை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வாயை மூடிக்கொண்டு மூன்றாம் தடவையும் கவிழ்ந்தேன். மேலே வந்ததும் கண்ணைத் துடைக்கவில்லை, பெட்டியைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தேன்.

"அன்னைக்கு ரொம்பப் பயந்துட்டியாம்மா?"

ஷாமினி எழுந்தாள். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டாள். பற்றுக் கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டினாள். நான் தண்ணீரில் நடுங்கிக்கொண்டு நின்றேன்.

"இதைக் கேக்குறதுக்கு மூணு வாரமாப்பா?" என்றாள்.

பிறகு படகை நிமிர்த்தக் கைகொடுத்தாள், தண்ணீரை இறைத்தாள், முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். ஏரிக்குள் கொஞ்ச தூரம் துடுப்புப் போட்டோம். முன்னிருக்கையில் இருப்பவரின் முகம் தெரியாது என்று சொன்னேன் அல்லவா. முதுகு தெரியும். அது குலுங்கிக்கொண்டிருந்தது.

துடுப்பை மடியில் வைத்துவிட்டு, எட்டி அவள் தோளைத் தொடக் கையை முன்னால் நீட்டினேன்.

"ஆடாம உக்காருங்கப்பா" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "கவுந்துரும்."